ஹெட்டை இறக்கும் முன்

பழைய வண்டிக்கு எஞ்சின் வேலை வந்துவிட்டால் ஊரில் எல்லோர் கையிலும் ஒரு சூத்திரம் தயாராக இருக்கிறது. செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் தள்ளிவிடு, தாண்டாவிட்டால் செய்துகொள். கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. காப்பீட்டுக்காரர்களும் இதன் இன்னொரு வடிவத்தையே வைத்திருக்கிறார்கள்: சரிசெய்யும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நட்டக் கணக்கில் போய்விடும். அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சூத்திரம் ஆட்டம் காண்கிறது. தேய்மானத்துக்கு அட்டவணை இருப்பது ஐந்து வருடம் வரைக்கும்தான். அதற்குமேல் உடைமையாளரும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. இருபது வயதான மஹிந்திரா கமாண்டர் ஜீப்புக்கு அது ஏறக்குறைய மரியாதைக்கு எழுதும் தொகை. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மூணாற்றிலோ சூரியநெல்லியிலோ ஜீப் ஸ்டாண்டுக்குப் போனால், அங்கே வரிசையில் நிற்கும் பல வண்டிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியவை. போகவில்லை, ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட்டுபவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. டீசல் விலையையும் டிரிப் வாடகையையும் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள். சூத்திரம்தான் தப்பான பொருளை அளக்கிறது. எஞ்சின் பழுது, பழைய வண்டியை வைப்பதா விடுவதா என்ற கேள்வியைக் கிளப்பிவிடுகிறது. அதற்கான விடை எஞ்சினுக்குள் கிடைப்பதில்லை. சேஸில் கொஞ்சம், ஆர்.சி. புக்கில் கொஞ்சம், எஞ்சின் ஏன் போனது என்ற காரணத்தில் பெரும்பகுதி என்று அது பிரிந்து கிடக்கிறது.

முதலில் பணத்தையே பார்க்கலாம். விற்கப்போகிறவனுக்குத்தான் சந்தை விலை விலை. ஓட்டப்போகிறவனுக்கு வண்டியின் மதிப்பு என்பது இனி அது தரப்போகும் வருடங்கள். ஒரு பேச்சுக்கு, கமாண்டருக்கு முழு எஞ்சின் வேலை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் நிலையில் அந்த வண்டி இரண்டு லட்சத்துக்குப் போகும் என்றும் வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி இது எல்லைக்கோட்டில் நிற்கும் வண்டி. பத்தாயிரம் கூடினால் தள்ளிவிட வேண்டும். ஆனால் தள்ளியவன் மறுநாள் நடந்து போக முடியாது. மலையில் அதே வேலையைச் செய்ய இன்னொரு வண்டி வேண்டும். புதிதாக எடுத்தால் எட்டு லட்சமாவது கடன் விழும். பத்து சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை என்றால் முதல் வருடம் கட்டும் வட்டி மட்டுமே எழுபதாயிரத்தைத் தாண்டும், அசல் தனி. பழைய எஞ்சினைச் செய்ய ஆகும் காசு, புதிய வண்டியின் பதினேழு மாத வட்டிக்குக்கூட வராது. செய்த எஞ்சின் நான்கு வருடம் ஓடினால் வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம். இந்தக் கணக்கில் வண்டியின் சந்தை விலை எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் இன்னொன்று வாங்கலாமே என்றால், அங்கே வேறொரு சிக்கல். தன் வண்டி எங்கே தட்டும், எந்த வளைவில் கியர் பாக்ஸ் முனகும் என்று உடைமையாளருக்குத் தெரியும். வாங்கப்போகும் வண்டியின் நோய் அதன் பழைய முதலாளிக்குத்தான் தெரியும், அவர் சொல்லப்போவதில்லை. தெரிந்த நோயாளியை விட்டுவிட்டுத் தெரியாத நோயாளியைத் தத்தெடுப்பதற்குச் சந்தை ஒன்றும் தள்ளுபடி தருவதில்லை.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: செய்த எஞ்சின் நான்கு வருடம் ஓட வேண்டும். அது ஓடுமா என்பது முதல் எஞ்சின் எதனால் செத்தது என்பதைப் பொறுத்தது. மூணாற்றுச் சாலைகள் எஞ்சினைக் கொல்லும் விதம் சமவெளியின் விதத்திலிருந்து வேறானது. இங்கே காற்றே கொஞ்சம் குறைவு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் அந்த அளவுக்குக் காற்றை இழக்கிறது. பம்ப் அனுப்பும் டீசல் குறைவதில்லை. எரியாத டீசல் கரும்புகையாக வெளியே வருகிறது, கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவுகிறது. தண்ணீரும் இந்த உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். கொழுக்குமலையின் 2,400 மீட்டரில் 92. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை கவலையில்லை, கொதிநிலை நூறுக்கும் மேலே போய்விடும். மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடுகிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். வண்டி நிறைய ஆள், முதல் கியர், இரண்டாம் கியர். எஞ்சின் முழுப் பாரத்தில் உழைக்கிறது, வண்டியோ ஊர்கிறது, ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது. சில நூறு ரூபாய் மூடி ஒன்றால் ஹெட் கேஸ்கட் போவதும், ஹெட் கோணுவதும், கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆவதும் இப்படித்தான். இதற்கு நேர்மாறான சாவும் உண்டு. சூரிய உதயம் பார்க்கச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. ஜனவரியில் உறைநிலையை ஒட்டிய குளிர். ஆயில் கெட்டித்து அடியில் கிடக்கும். ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கிக் கிளப்பிய எஞ்சினை இரண்டு நிமிடம் விடாமல் உடனே பாறையும் குழியுமான ஏற்றத்தில் ஏற்றுகிறார்கள். தேய்மானத்தில் கணிசமான பங்கு எஞ்சின் சூடேறும் அந்த முதல் நிமிடங்களில் நடக்கிறது. போதாக்குறைக்கு, சூடாகிறதே என்று யாரோ ஒரு காலத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் குளிர்காலம் முழுக்கச் சரியான சூட்டை எட்டாமலே உழைத்து, ரிங்கையும் லைனரையும் தின்றுகொண்டிருக்கும். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து எஞ்சினின் வயதைச் சொல்வது இதனால்தான் மலையில் செல்லுபடியாவதில்லை. கொச்சிச் சாலையில் ஒரு மணி நேரத்தில் ஐம்பது கிலோமீட்டர் போகும் எஞ்சின், கொழுக்குமலைப் பாதையில் அதே ஒரு மணி நேரம் அதைவிடக் கடுமையாக உழைத்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் காட்டும்.

பட்டறையில் பெரும்பாலும் விட்டுப்போகும் கேள்வி இந்தக் காரணம்தான். எஞ்சினைப் பிரித்தால் எது போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதை மாற்றிவிடலாம். ஏன் போனது என்பது எஞ்சினுக்கு வெளியே, ரேடியேட்டரில், ஹோஸில், ஏர் ஃபில்டரில், டீசல் பம்பில், ஓட்டுகிறவரின் பழக்கத்தில் இருக்கிறது. கேஸ்கட் மாற்றி ஆறு மாதத்தில் மறுபடி கேஸ்கட் போனால் பழி மெக்கானிக் மேலோ, டூப்ளிகேட் கேஸ்கட் மேலோ விழுகிறது. உள்ளே பாதி அடைத்துக் கிடக்கும் ரேடியேட்டரை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆகவே முதல் தீர்ப்பை இப்படிச் சொல்லலாம். காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, அதைச் சரிசெய்யும் செலவும் சேர்க்கப்பட்ட மதிப்பீடுதான் மதிப்பீடு. காரணம் தெரியாத எஞ்சினுக்குச் செலவழிப்பது, எவ்வளவு குறைவாக இருந்தாலும், வீண். காரணம் தெரிந்த எஞ்சின் தரைமட்டமாகிக் கிடந்தாலும் மீட்கலாம். சாதாரண வழக்கம் இதைத் தலைகீழாகச் செய்கிறது: சின்னச் செலவென்றால் யோசிக்காமல் செய்கிறோம், பெரிய செலவென்றால் மட்டும் யோசிக்கிறோம். இந்தச் சின்னச் செலவுகள்தான் சேர்ந்து வண்டியைத் தின்கின்றன.

இந்த எஞ்சின்கள் மீட்கக்கூடியவை என்பதற்கு அவற்றின் பிறப்பே சாட்சி. மஹிந்திரா 1940களின் கடைசியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கிய நிறுவனம். டீசல் காலத்தில் அந்த ஜீப்பின் உடம்பில் இரண்டு வகை இதயங்கள் ஏறின. ஒன்று பிரெஞ்சு பெஜோவின் 2,112 சி.சி. எஞ்சின், எம்.எம். 540இல் வந்தது. மற்றொன்று டி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் எஞ்சின். 1960களில் இன்டர்நேஷனல் நிறுவனத்தோடு சேர்ந்து இங்கே தயாரித்த டிராக்டரின் வழிவந்தது. டிராக்டர் எஞ்சின் வயல்வரப்பில் கழற்றி மாட்டப்படும் என்று எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. கனமான வார்ப்பிரும்பு, கண்ணுக்குத் தெரியும் போல்ட்டுகள், கம்ப்யூட்டர் கிடையாது. பிஸ்டன், ரிங், லைனர், பேரிங், எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். லைனர் தேய்ந்தால் லைனர் மாற்றலாம், இல்லையென்றால் போர் பண்ணி ஓவர் சைஸ் பிஸ்டன் போடலாம். கிராங்கில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து அறுத்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். கோணிய ஹெட்டை முகம் சீவிச் சமப்படுத்தலாம். வெடித்த ஹெட்டை மட்டும் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். இந்த வேலைக்கெல்லாம் அடிமாலி, கோதமங்கலம், மறுபக்கம் இறங்கினால் போடி, தேனி என்று கைகள் இருக்கின்றன. இன்றைய வண்டிகளின் காமன் ரெயில் எஞ்சினுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. இன்ஜெக்டர் ஒன்றின் விலையே பழைய எஞ்சினின் பிஸ்டன் செட்டோடு போட்டி போடும். அதனால் ‘பழைய வண்டி’ என்று பொதுவாகப் பேசுவதில் பொருளில்லை. 2005இல் வந்த ஜீப்பைவிட 2012இல் வந்த கார், எஞ்சின் போனபின், விரைவாகக் கைவிடத் தகுந்ததாக ஆகிவிடலாம். வயதைப் பார்ப்பதைவிட, எந்தத் தலைமுறைத் தொழில்நுட்பம், அதற்குப் பக்கத்தில் யார் கை வைப்பார்கள் என்று பார்ப்பது பயன் தரும்.

எஞ்சின் இவ்வளவு எளிதாக மீளும் என்றால் வண்டி எங்கேதான் சாகிறது? அடியில். மூணாற்றில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஜூனில் தொடங்கினால் மாதக்கணக்கில் ஈரம் விடாது. பெட்டி வடிவச் சேஸின் உள்ளே சேறு போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து இரும்பு உதிர்கிறது. ஸ்பிரிங் ஹேங்கர் உட்காரும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸைத் தாங்கும் இடம், கிராஸ் மெம்பர் இணையும் மூலை, இவை மூன்றும் முதலில் விரிசல் விடும். வெல்டிங் வைக்கலாம். வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த விரிசல் விழும். சேஸ் நம்பர் பொறித்த இடத்தையே துரு தின்றுவிட்டால் எப்.சி.க்குப் போகும்போது வண்டிக்கு அடையாளமே இல்லாமல் போகும். எஞ்சினைப் போலச் சேஸைப் புதுப்பிக்க இயலாது. சேஸை மாற்றினால் அது ஏறக்குறைய வேறு வண்டி. ஆகவே எஞ்சின் வேலைக்கு வந்த வண்டியின் ஹெட்டை இறக்கும் முன், அதை ஜாக்கில் ஏற்றி அடியில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நல்லது. கணீர் என்ற சத்தத்துக்குப் பதில் பொத் என்று கேட்டால் மேற்கொண்டு எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இதற்கு மாறான தவறும் உண்டு. சொல்லப்போனால் அதுதான் அதிகம். எஞ்சின் ‘சுகமாக’ இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சேஸ் செத்த வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது. எஞ்சின் சத்தம் போடுகிறது, புகைகிறது, சூடாகிறது. அதனால் அதன் உடல்நிலை எல்லோருக்கும் தெரிகிறது. சேஸ் கடைசி நாள்வரை வாய் திறப்பதில்லை.

அடுத்தது காகிதம். மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு. பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். வாடகை வண்டிக்கு எட்டு வயதுக்குமேல் ஒவ்வொரு வருடமும் எப்.சி. எடுத்தாக வேண்டும். 2022 ஏப்ரல் முதல் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டியவற்றுக்கு அது 10,000 ஆனது. அதே வருடம் கேரள பட்ஜெட் 15 வயதான தனியார் வண்டிகளின் வரியைப் பாதி கூட்டியது. தடை செய்யாமலே தடை செய்யும் வழி இது என்று ஓட்டுநர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நேரடித் தடையும் வந்துபோனதுதான். 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்தின் ஆறு நகரங்களில் பத்து வயதான டீசல் வண்டிகளை விலக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை நிறுத்திவைத்தது. மூணாறு அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், வண்டிக்குச் செலவு செய்கிறவன் தலையில் அன்றிலிருந்து ஒரு கத்தி தொங்குகிறது. எனவே பழுதுச் செலவை வகுக்க வேண்டிய வருடங்கள், எஞ்சின் ஓடக்கூடிய வருடங்களாக இருக்க வேண்டியதில்லை; ஆர்.சி.யிலும் எப்.சி.யிலும் மிச்சமிருக்கும் வருடங்களாகவும் இருக்கலாம். எது குறைவோ அதுதான் கணக்கு. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எஞ்சினைச் செய்வதைவிட வேறொரு பழைய எஞ்சினை எடுத்துவந்து வைப்பது சுலபம் என்று பலர் செய்கிறார்கள். சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதியும், ஆர்.சி.யில் புதிய எஞ்சின் நம்பரும் வேண்டும். அது இல்லாமல் ஓடும் வண்டி, ஒரு விபத்து நடக்கும் நாள்வரை மட்டுமே மலிவானது.

மூணாறு இந்த முடிவை ஒருமுறை மிகப் பெரிய அளவில் எடுத்திருக்கிறது. 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி 1908இல் குறுகிய ரயில்பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், தேயிலையை மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகச் சரக்கு வெளியே போகும். 1924 ஜூலை வெள்ளம் பாதையையும் பாலங்களையும் நிலையத்தையும் அடித்துக்கொண்டு போனது. அந்த ரயில் மீண்டும் கட்டப்படவில்லை. ரோப்வேயும் சாலையும் அதன் வேலையை எடுத்துக்கொண்டன. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறந்தபின் கீழ்நாட்டுக்கு மோட்டார் வழி உறுதியானது. அந்த முடிவு சரியானது என்றே தோன்றுகிறது. எஞ்சின்கள் எந்த நிலையில் கிடந்தன என்பது அங்கே பொருட்டே இல்லை. அவை ஊன்றி நின்ற மண் போய்விட்டது. அதே வேலையைச் செய்ய வேறொரு வழியும் கண்ணில் பட்டது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கைவிடுவது நியாயமாகிறது. கமாண்டர் ஜீப்பைப் பொறுத்தவரை முதலாவது நடந்திருக்கலாம், வண்டிக்கு வண்டி மாறும். இரண்டாவது இன்னும் முழுதாக நடக்கவில்லை. 2020இல் வந்த மஹிந்திராவின் புதிய தார் நான்கு பேர் உட்காரும் உல்லாச வண்டி. பின்னால் எதிரெதிர் பலகை போட்டு ஆளும் அரிசி மூட்டையும் ஒன்றாகப் போகும் வேலையை அது எடுத்துக்கொள்ளாது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடிக்குப் பெட்டிமுடியிலிருந்து போகும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

இனி மறுப்புகள். வலுவானது புகை. பழைய டீசல் வண்டியைத் தொடர்ந்து ஓடவிடுவது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் துரோகம், அதுவும் நீலகிரி வரையாடு வாழும் மலையில், என்பார்கள். இதில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. கரியமில வாயுவை மட்டும் எடுத்துக்கொண்டால் பழைய ஜீப் அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வரும். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர், லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு 2.7 டன். புதிய வண்டி கால்பங்கு டீசலை மிச்சப்படுத்தினாலும் வருடத்துக்கு முக்கால் டன்னுக்கும் கீழேதான். புதிய வண்டியின் இரும்பையும் ரப்பரையும் உருவாக்குவதில் ஐந்து டன்னுக்குக் குறையாமல் முன்கூட்டியே வெளியேறியிருக்கும். அதை ஈடுகட்டவே ஏழெட்டு வருடம் போய்விடும். ஆனால் கரித்துகள் விஷயத்தில் இந்த வாதம் நிற்காது. 2000இல் வந்த முதல் பாரத் விதியில் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 140 மில்லிகிராம் துகள் அனுமதி; 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6இல் 4.5 மில்லிகிராம். முப்பது மடங்கு. இதை எந்த எஞ்சின் வேலையும் இட்டு நிரப்பாது. பின்சீட்டில் உட்கார்ந்து வருபவர்களின் நுரையீரலுக்குள் போவது அந்தத் துகள்தான். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நன்றாகச் செய்த பழைய எஞ்சின், செய்யாமல் இழுத்தடிக்கும் பழைய எஞ்சினைவிட வெகுவாகக் குறைவாகப் புகைக்கும். நடைமுறையில் மலையில் இருக்கும் தேர்வு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான். புதிய வண்டியின் துகள் வடிகட்டியும் மலைக்கு முழுதாக ஒத்துப்போவதில்லை. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும்; எஸ்டேட்டுக்குள் ஊரும் வண்டிக்கு அது வாய்ப்பதில்லை.

இன்னொரு மறுப்பு, இப்படி ஒவ்வொருவரையும் கணக்குப் பார்க்கவிட்டால் பழைய வண்டிகள் போகவே போகாது, அரசுதான் ஒரு தேதி குறித்து அகற்ற வேண்டும் என்பது. இதே வில்லிஸ் ஜீப்பின் இன்னொரு வாரிசைப் பார்க்கலாம். பிலிப்பைன்ஸில் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகளிலிருந்து பிறந்தது ஜீப்னி, ஏழைகளின் பஸ். 2017இல் அந்நாட்டு அரசு பதினைந்து வயது கடந்தவற்றை மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதுதான், புகையும் பழைய எஞ்சின்களும் உண்மை. புதிய வண்டியின் விலை இருபது லட்சம் பெசோவைத் தாண்டியது. மானியம் அதில் சிறு துண்டு. வேலைநிறுத்தங்கள் நடந்தன, கெடு தள்ளித்தள்ளிப் போனது. வயதை வைத்து வண்டியை ஒதுக்கும் கொள்கை, மாற்று வண்டிக்கான காசு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை ஓட்டுநர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறது. மாற்று வண்டிக்கான காசு விஷயத்தில் நம் ஊர்ப் பழைய வண்டி அழிப்புக் கொள்கையிலும், 2021இலிருந்து, இதே ஓட்டை இருக்கிறது. வயதுக்குப் பதில் சேஸையும் பிரேக்கையும் புகையையும் கறாராகச் சோதித்து, தேறாததை ஒதுக்கினால் பழுது பார்க்கும் ஆர்வமும் கூடும், கொல்லும் வண்டிகளும் குறையும். அத்தகைய சோதனை இன்று நடக்கிறதா என்பது வேறு விஷயம்.

கொல்லும் வண்டி என்று சொன்னது வேண்டுமென்றேதான். இதுவரை போட்ட கணக்கெல்லாம் உடைமையாளரின் கணக்கு. ஜீப்பில் உட்காருகிறவர்களின் கணக்கு அதில் வரவில்லை. போடியிலிருந்தும் கம்பத்துப் பக்கமிருந்தும் ஏலக்காட்டு வேலைக்கு விடியற்காலையில் மலையேறும் பெண்களிடம் வண்டியின் எஞ்சினைச் செய்யலாமா வேண்டாமா என்று யாரும் கேட்பதில்லை. சேஸில் விரிசல் இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு ஏதாவது நேர்ந்தால்தான் நிர்வாகம் விழித்துக்கொள்ளும். 2025 ஜூலையில் இடுக்கி மாவட்டம் ஜீப் சஃபாரிக்குத் தடை விதித்தது அப்படித்தான். தொழிலாளரை ஏற்றும் ஜீப் அந்த அளவு கவனத்தைப் பெறுவதில்லை. இவர்கள் பக்கமிருந்து பார்த்தால் மிக மோசமான தேர்வு, அரைகுறை எஞ்சின் வேலை. ஆயில் குடிக்கிறது என்று ரிங் மட்டும் மாற்றி, கிராங்கைப் பார்க்காமல் விடுவது. கேஸ்கட் மாற்றி ஹெட்டைச் சீவாமல் மூடுவது. இப்படிச் செய்த எஞ்சின் எங்கோ ஒரு வளைவில் நிற்கும். பூஸ்டர் உள்ள ஜீப்பில், எஞ்சினோடு சுற்றும் வேக்கம் பம்ப்தான் பிரேக்குக்கு வலு தருவது. இறக்கத்தில் எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குள் அந்த வலு தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாகிவிடும். ஒரு லட்சம் அதிகம் என்று நாற்பதாயிரத்தில் வேலையை முடித்தவர், மிச்சப்படுத்திய அறுபதாயிரத்தைப் பின்சீட்டில் இருப்பவர்களிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறார். அவர்களுக்கு அது தெரியாது. எனவே சேஸ் தேறி, காகிதத்தில் நான்கு வருடமாவது மிஞ்சி, பழுதின் காரணமும் பிடிபட்டுவிட்டால், முழு வேலையாகச் செய்ய வேண்டும். கூடவே பிரேக் டிரம்மையும் ஸ்டீயரிங் முட்டியையும் அந்தச் செலவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். முழுதாகச் செய்யக் காசு இல்லையென்றால் செய்யாமல் விடுவதே மேல்.

ஒதுக்குவது என்று முடிவானால் அதையும் கொஞ்சம் யோசித்துச் செய்யலாம். மூணாறு டெப்போவில் 2020 நவம்பரில் கே.எஸ்.ஆர்.டி.சி., ஓடி ஓய்ந்த பஸ்களுக்குள் படுக்கை போட்டு, ஆளுக்கு 100 ரூபாய்க்குத் தங்கும் இடமாக்கியது. எஞ்சின் போனபின்னும் ஓர் உடம்புக்கு வேலை இருக்கலாம் என்று அரசாங்கத்துக்கே தோன்றியிருக்கிறது. ஜீப்பின் விஷயத்தில் நடப்பது வேறு: சேஸ் செத்த ஒரு கமாண்டரின் கியர் பாக்ஸும் ஆக்சிலும் கிரௌனும் சேஸ் நன்றாக இருக்கும் இன்னொன்றை நான்கு வருடம் ஓட்டும். கம்பெனி உதிரி அருகிவரும் காலத்தில் இந்த வழியும் அடைபட்டால், காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போய் நசுக்கிவிட்டால், இங்கே போட்ட கணக்கெல்லாம் சில வருடங்களில் மாறிவிடும். கிரௌன் கிடைக்காத வண்டிக்கு எஞ்சின் வேலை பார்ப்பதில் அர்த்தமில்லை. அதனால் பட்டறைக்குள் வண்டியை விடும் முன் மெக்கானிக்கிடம் எவ்வளவு ஆகும் என்று கேட்பதோடு, அடுத்த மூன்று வருடத்தில் இதற்கு எந்தச் சாமான் கிடைக்காமல் போகும் என்றும் கேட்டுவைப்பது நல்லது. நல்ல மெக்கானிக்குக்கு அந்தப் பட்டியல் மனப்பாடமாகத் தெரியும்.